மறுமொழி: ஒரே பெயரில் பலர், பல இடங்கள் – தலைப்புக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

சிறுவர் கலைக்களஞ்சியத்தின் ‘ம’ பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மன்ரோ’ என்ற ஒரே பெயருள்ள ஆட்களையும் இடங்களையும் பட்டியலிடும் பக்கம் மட்டும், அந்த வகைப் பக்கத்துக்கு ஒரு சொல் அமையாததால், தலைப்பில்லாமல் நிற்கிறது.

> விக்கிப்பீடியாவில் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ இருக்கிறதே?

ஐயா, அது திரையில் சொடுக்குபவருக்குச் சரி. தாளைப் புரட்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சாலைப் போக்குவரத்துதான் நினைவுக்கு வரும்.

> ‘ஒருபெயர்ப் பலர்’ எனலாம்.

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் திணை இடிக்கிறது. கிளாஸ்கோவில் பிறந்து 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்ரோ, 2013இல் நோபல் பரிசு பெற்ற ஆலிஸ் மன்ரோ, இவர்கள் பலர். கொல்லத்தை அடுத்து, திருவிதாங்கூர் திவான் ஜான் மன்ரோவின் பெயர் தாங்கிய தீவு? ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட தனி மலைகளுக்கெல்லாம் மன்ரோ என்றே பெயர். ஹியூ மன்ரோ 1891இல் அவற்றைப் பட்டியலிட்டதால் வந்தது. இன்றைய கணக்கில் 282. மலைகளையும் ‘பலர்’ என்பதா?

(மலைக்கு மன்ரோ என்பது கருத்தாவாகுபெயரா, அதாவது செய்தவரின் பெயர் அவர் செய்த பொருளுக்கு ஆகிவருவதா, என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘வள்ளுவரைப் படித்தேன்’ என்பதில் வள்ளுவர் நூலைச் செய்தவர். ஹியூ செய்தது பட்டியலை, மலையை அல்ல. தனி இழையில் பேசுவோம்.)

ஆகவேதான் இரு திணைக்கும் பொதுவாக ‘ஒருபெயர்த் தொகுதி’ என்றேன்.

> பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டில் பன்னிரண்டாவது பகுதி ‘பல்பொருட்கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி’. அது முச்சுடர், ஐம்பொறி போன்ற தொகைகளுக்கு. நமக்குரியது பதினொன்றாவது: ‘ஒருசொற் பலபொருட்பெயர்த் தொகுதி’.

அம்மா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நிகண்டு பயின்றவர் குழம்பத்தான் செய்வார். ஆனால் அந்த நீளத்தைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள்.

> ‘எந்த மன்ரோ?’ என்று கேட்டால் போதாதா?

பக்கத்துக்குப் போதும், அழகாகவும் இருக்கிறது. முன்னுரையில் இந்த வகைப் பக்கங்களை எப்படிச் சுட்டுவது?

> ‘மன்ரோ’வே பிழை. னகரத்தின் பின் ரகரம் மயங்காது. ‘மன்றோ’ என எழுதுக.

இலக்கணம் அப்படித்தான். ஆனால் ‘மன்றம்’ போல ஒலித்துவிடுமே. ‘முன்ரோ’ என்று எழுதுபவரும் உண்டு. நான் மாற்றவில்லை.

இதுவரை ‘ஒருபெயர்த் தொகுதி’க்கு ஐவர், ‘எந்த மன்ரோ?’வுக்கு மூவர். முன்னதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். அம்மா உடன்படவில்லை என்பதையும் கோப்பில் குறித்திருக்கிறேன். ‘ஸ்டூவர்ட்’ பக்கம் வருவதற்குள் திவாகரத்தை மீறாத சிறு சொல் கிடைத்தால் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் இரண்டையும் மாற்றிவிடலாம்.