சண்டை நம் தெருவுக்கு வந்த கதை: பர்மாத் தமிழர் அனுபவப் பகிர்வு

யாங்கூனிலிருந்து:

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. சட்டம் 2010லேயே போட்டதுதான், யாரும் தொடாமல் கிடந்தது. ஜனவரியில் சீன எல்லையில் லாவ்காய் நகரம் கிளர்ச்சிப் படைகளிடம் பறிபோனது, அங்கிருந்த ராணுவம் மொத்தமாகச் சரணடைந்தது. அப்புறம்தான் சட்டத்தைத் தூசி தட்டினார்கள்.

எங்கள் வார்டு அதிகாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடும்பப் பட்டியலை விரித்தார். தம்பி பெயர் வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா டீ போட உள்ளே போய்விட்டார், வெளியே வரவே இல்லை. எனக்கு எரிச்சல் எதற்கென்றால், அப்பா அடையாள அட்டை கேட்டு அலைந்தபோது 1982 குடியுரிமைச் சட்டத்தைக் காட்டி, 1823க்கு முன்பே இங்கே இருந்த இனமா நீங்கள் என்று கேட்டவர்கள் இவர்கள். துப்பாக்கி தூக்க மட்டும் நாங்கள் இந்த ஊர்க்காரர்களாம்!

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கல் வரும்வரை காத்திருக்கவில்லை. தம்பி எல்லை ஊரான மியாவடி வழியாகத் தாய்லாந்தின் மே சோட்டுக்குப் போய்விட்டான். இப்போது தையல் வேலை.

தட்டோன் பக்கத்திலிருந்து:

தம்பி, பையன் தப்பித்தானே, சந்தோஷம். ஆனால் லாவ்காயோடு கணக்கை ஆரம்பிக்காதீர்கள். 1947 பிப்ரவரியில் ஷான் மலைநாட்டு ஊரான பாங்லாங்கில், மலைநாட்டுக்காரர்களுக்கு உள்நாட்டுச் சுயாட்சி தருவதாக விடுதலைத் தலைவர் ஆங் சான் கையெழுத்துப் போட்டார். ஜூலையில் அவரையே சுட்டுவிட்டார்கள். கிழக்கு எல்லைப் பக்கத்து இனமான கரேன்காரர்கள் பாங்லாங்குக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி, கையெழுத்துப் போடவில்லை. 1949 ஜனவரியில் அவர்களோடு சண்டை மூண்டது, எங்கள் வயலுக்குக் கிழக்கே மலைப்பக்கம் இன்னும் ஓயவில்லை. 1962ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தபின் கேட்கவே வேண்டாம், பேச வேண்டியதையெல்லாம் பட்டாளமே பேசியது. பெரிய பெரிய ஆட்கள் இன வெறி, மத வெறி என்கிறார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததுதான் முதல் காரணம் என்பேன் நான்.

இங்கே நடவுக்கு ஆள் கிடையாது. இளவட்டம் பூராவும் தாய்லாந்தில். எங்கள் கோயில் தேருக்குப் போன தடவை வடம் பிடித்ததெல்லாம் ஐம்பது தாண்டியவர்கள்தான். பாதி வழியில் நிறுத்தி மூச்சு வாங்கினோம், பூசாரி உட்பட.

யாங்கூனிலிருந்து:

ஐயா, நீங்கள் சொன்ன பாங்லாங் கதை எங்கள் பள்ளிப் பாடத்தில் ஒற்றுமைத் திருநாள் என்று மட்டும்தான் இருந்தது. வருஷா வருஷம் பிப்ரவரி 12 லீவு விடுவார்கள், அவ்வளவுதான்.