புதுப்பிப்பு: துறையில் சொல்லியாகிவிட்டது

முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. இங்கிலாந்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே பகுதிநேரமாக வகுப்பெடுக்கிறேன். என் காதலி படிக்கும் முதுகலைப் பாடத்துக்கே என்னைக் கட்டுரை திருத்தப் போட்டுவிட்டார்கள்; சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா என்று கேட்டிருந்தேன்.

இருவரும் பேசி, சொல்லிவிட்டோம். படிவத்தில் காதல் கதையெல்லாம் கேட்கவில்லை. பெயர், பாடம், யார் யாரை மதிப்பிடுகிறார், அவ்வளவுதான். அடுத்த வாரமே அவள் குழுவின் கட்டுரைகள் வேறொருவர் கைக்குப் போயின. அந்தப் பாடத்தின் மதிப்பெண் பக்கத்தையும் என்னால் இப்போது திறக்க முடியாது. கொஞ்சம் சுருக்கென்றது, ஆனாலும் நியாயம்தான்.

"இரண்டு பேரும் வயதுக்கு வந்தவர்கள்தானே, துறைக்கென்ன?" என்று சிலர் கேட்டீர்கள். நான் நேர்மையாகவே மதிப்பெண் போட்டாலும் அவள் வகுப்புத் தோழர்கள் ஏன் நம்ப வேண்டும்? நாளை நாங்கள் பிரிந்தால் அவள் கதி? ஆக்ஸ்ஃபோர்டு 2023-இல், தன் பொறுப்பிலுள்ள மாணவருடன் ஆசிரியர் நெருங்கிய உறவு வைக்கவே தடை போட்டது. எங்கள் இடத்தில் அறிவித்துவிட்டு ஒதுங்கினால் போதும்.

அப்புறம், அவளுக்குப் பரிந்துரைக் கடிதமும் நான் தரக்கூடாதாம். "நீங்க எழுதினா எவன் நம்புவான்?" என்கிறாள்.