இடுப்பு டிஸ்க் பிதுங்கியதிலிருந்து மறதி. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

மாம்பலம் தையல்காரி:
வயது 49. மேற்கு மாம்பலத்தில் வீட்டு முன்னறையில் 22 வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். போன ஆடியில் இடுப்பு பிடித்துக்கொண்டு வலது கெண்டைக்கால் வரை இழுத்தது. ஸ்கேன் எடுத்தால் எல்4-எல்5, அதாவது கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே டிஸ்க் பிதுங்கல். ராத்திரிக்கு ப்ரீகாபலின் 75 என்று நரம்பு வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி பாதி குறைந்தது.

அப்புறம்தான் இந்தத் தொல்லை. வாடிக்கைக்காரர்கள் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆள் வாசலில் நின்றாலே முன்கழுத்து ஏழு, கை பத்து என்று வாய் தானாகச் சொல்லும். நோட்டு வைத்துக்கொண்டதே கிடையாது. இப்போது அளவு ரவிக்கையில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பதற்குள் எண் போய்விடுகிறது. போன வாரம் ஒரு பட்டு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். அதே அரக்கு நிறம் தேடி ரங்கநாதன் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன், இந்த இடுப்போடு.

டாக்டரிடம் சொன்னால் "வயசாகுதில்லம்மா" என்று முடித்துவிட்டார். முதுகுத்தண்டு மூளையோடுதானே சேர்கிறது? அங்கே கோளாறு என்றால் புத்தியும் கெடுமா?

வேளச்சேரி பைக்:
அக்கா, எனக்கும் இதே கதை. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் முழிப்பு வரும், காலையில் சாவி எங்கே, ஹெல்மெட் எங்கே. தூக்கம் சரியானதும் முக்கால்வாசி சரியாகிவிட்டது.

பிசியோ, அண்ணா நகர்:
பயப்படாதீங்கம்மா. தண்டுவடமே எல்1-எல்2 பக்கத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புக் கொத்துதான். எல்4-எல்5 பிதுங்கல் நேராக ஞாபகத்தைத் தொடாது.

ஆனால் விடாத வலி தொடும். கவனத்தில் பாதி இடுப்பிலேயே இருந்தால் அளந்த எண் மனதில் ஏறியே இருக்காது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு மூளையின் சாம்பல் நிறப் பகுதி குறைந்திருப்பதாக 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. வலிக்கு நல்ல சிகிச்சை கிடைத்தவர்களுக்கு முன்மூளையில் மெலிந்திருந்த இடம் மறுபடி தடித்ததை 2011-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. அதனால் "இனி அவ்வளவுதான்" என்று உட்கார வேண்டாம்.

ப்ரீகாபலினும் சிலருக்கு மந்தம் கொடுக்கும். அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, உட்காருகிற இடம் மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரம்பூர் லேப்:
சைவமா? சர்க்கரை மாத்திரை உண்டா? வைட்டமின் பி12 குறைந்தால் தண்டுவடமும் ஞாபகமும் சேர்ந்தே அடி வாங்கும். பாதம் மரக்கும், நடை தள்ளாடும், மறதி வரும். எல்லாப் பழியையும் டிஸ்க் தலையில் போட்டுவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனைதான், பார்த்துவிடுங்கள்.

மாம்பலம் தையல்காரி:
லேப் தம்பிக்கு நன்றி. சுத்த சைவம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆறு வருஷமாகப் போடுகிறேன். அதுவும் பி12-ஐக் குறைக்குமாமே, ஒருத்தர்கூடச் சொல்லவில்லை! நேற்று ரிசல்ட் வந்தது: 142. இருநூறுக்குக் கீழே போகக் கூடாதாம். வேறொரு டாக்டர் ஊசி ஆரம்பித்திருக்கிறார், ப்ரீகாபலினைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்றார். மறதிக்கு எது காரணம், பி12-ஆ, மாத்திரையா, வலியா என்று அவருக்கும் இப்போதைக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி, அதுவரைக்கும் துணி ஓரத்தில் சாக்பீஸால் 'வ', 'இ' என்று எழுதிவிட்டுத்தான் கை வெட்டுகிறேன்.