ஒளியெலக்ட்ரான் நிறமாலை: இன்னும் உறுத்துகிற ஒரு முகடு (அனுபவப் பகிர்வு)

மார்த்தாண்டம் ஆசிரியர்

பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பிற்பகல் வகுப்பு மட்டும் இன்னும் என்னை விடவில்லை. ஒளி பட்டு ஆர்கான் வாயுவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தை, அதாவது அதன் ஒளியெலக்ட்ரான் நிறமாலையை, ஒளிநகல் எடுத்து முதுகலை மாணவர்களுக்குக் கொடுத்திருந்தேன். 21.22 எலக்ட்ரான் வோல்ட் ஹீலியம் ஒளியிலிருந்து, வெளியேறும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலைக் கழித்தால் அயனியாக்கும் ஆற்றல் (அந்த எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) கிடைக்கும் என்பதை இங்கிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஆர்கானின் வெளிக்கூட்டில், 3பி-யில் உள்ள ஆறு எலக்ட்ரான்களுக்கும் ஒரே ஆற்றல் என்றீர்களே சார், இங்கே 15.76-இல் ஒன்றும் 15.94-இல் ஒன்றுமாக இரண்டு முகடுகள் இருக்கின்றனவே?" என்று கேட்டான்.

"கருவியின் குறையாக இருக்கும், உட்காரு" என்றேன்.

அவன் உட்காரவில்லை. ஸ்கேலைத் தாளின்மேல் வைத்து இரண்டு முகடுகளையும் அளந்தான். "ஒன்று மற்றதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு உயரம் சார். குறை இவ்வளவு கணக்காக வருமா?" என்றான். நல்லவேளையாக மணி அடித்தது.

அன்றிரவே புத்தகத்தைப் புரட்டினேன். ஓர் எலக்ட்ரானை இழந்த ஆர்கான் அயனி, எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதை இயக்கத்திற்கும் உள்ள இணைவால், மொத்தக் கோண உந்தம் 3/2, 1/2 என்ற இரு நிலைகளாகப் பிரிகிறது; முதலாவது நிலை நான்கு வகைகளிலும் இரண்டாவது இரண்டு வகைகளிலும் அமைய முடியும் என்பதால்தான் அந்த இருமடங்கு. மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குலசேகரம் ஆய்வு மாணவி

சாருடைய கதையில் மாணவன் சரியாகச் சொன்னான். என் கதையில் மாணவிதான் தவறு. வாய்மொழித் தேர்வில் மீத்தேனின் நிறமாலையைப் பற்றிக் கேட்டார்கள். நான்கு பிணைப்புகளும் ஒத்தவை, ஆகவே ஒரே பட்டைதான் (அகன்ற முகடு) வரும் என்று சற்றும் தயங்காமல் சொன்னேன். தேர்வாளர் எதுவும் பேசாமல் கரும்பலகையில் 14 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே அகலமாக ஒரு பட்டையையும் 23-க்கு அருகே இன்னொன்றையும் வரைந்தார். பிறகு சாக்பீஸை வைத்துவிட்டுச் சன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், "21.22 ஒளியில் 23 தெரியாதே சார்" என்று சொல்லித் தொலைத்தேன். "ஹீலியம் அயனியின் 40.81 எலக்ட்ரான் வோல்ட் ஒளியை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா அம்மா?" என்று மட்டும் கேட்டார். பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த இனக்கலப்பு (கார்பனின் ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் உலவும் நிலைகள், கலந்து நான்கு சம நிலைகளாகும் என்ற பாடம்) வெறும் பொய் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நாகர்கோவில், கருவிக்கூடப் பணியாளர்

இனக்கலப்பு பொய் என்பதை ஏற்க இயலாது, தங்கையே. மீத்தேனின் எலக்ட்ரான்களை ஒருசேரக் கணக்கிட்டால், நான்கு சம பிணைப்புகள் என்ற விவரிப்பும், ஒரே ஆற்றலில் மூன்றும் வேறு ஆற்றலில் ஒன்றுமான ஆர்பிட்டால்கள் என்ற விவரிப்பும் ஒரே எலக்ட்ரான் அடர்த்தியைத்தான் தருகின்றன. நிறமாலையில் நாம் காண்பதோ, மூலக்கூறுக்கும் எலக்ட்ரானை இழந்த அயனிக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு. அந்த இழப்பு ஒரு பிணைப்பில் மட்டும் தங்கியிருப்பதில்லை. முகடு ஒவ்வொன்றையும் ஓர் ஆர்பிட்டாலுக்குப் பட்டா எழுதிக் கொடுப்பது 1934-இல் கூப்மன்ஸ் சொன்ன தோராயம்தான் (அவருக்கு 1975-இல் கிடைத்த நோபல் பரிசு பொருளியலுக்கானது என்பது வேறு கதை). நைட்ரஜனில் அந்தத் தோராயம் முதல் இரண்டு முகடுகளின் வரிசையையே மாற்றிச் சொல்லிவிடுகிறது: கணக்கு ‘பை’ வகை ஆர்பிட்டாலை முன்னே வைக்கிறது, அளவீட்டிலோ 15.58-இல் ‘சிக்மா’ வகையும் அதன்பின் 16.7-இல் ‘பை’ வகையும் வருகின்றன.

என் அனுபவம் சிறியது. காலையில் 12.62-இல் நின்ற நீராவியின் முதல் முகடு மாலைக்குள் இடம் நகர்ந்திருந்தது; புதிய முடிவு என்று நம்பி வழிகாட்டியைத் தொலைபேசியில் எழுப்பினேன். கருவியின் உட்சுவரில் நீர் படிந்து, பரப்பு மின்னழுத்தம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே நீராவியை அளப்பவர்கள் ஆர்கானைக் கொஞ்சம் கலந்தே அளக்க வேண்டும். அதன் இரு முகடுகளும் அளவுகோலாக நிற்கும். 15.58-இல் கூரான முகடு தலைகாட்டினால் அது உங்கள் மாதிரியின் முகடு என்று மகிழாமல், நைட்ரஜன் நிறைந்த வெளிக்காற்று கசிகிறதா என்று முதலில் பாருங்கள். திரவ மாதிரியில் கரைந்துள்ள காற்று நீங்க, அதை உறையவைத்து, பம்ப் செய்து, உருகவைத்து, இதை மூன்று முறையாவது செய்யுங்கள். மெதுவான எலக்ட்ரான்களைப் புவியின் காந்தப்புலமே வளைத்துவிடும் என்பதால் காந்தக் கவசத்தை ஒருபோதும் கழற்றி வைக்காதீர்கள்.

மணவாளக்குறிச்சிக்காரன்

எனக்கு உறுத்துவது முகடு அல்ல, விளக்கு. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம் அந்த 21.22 ஒளியைத் தரும் ஹீலியம் விளக்கு ஒளிரத் தொடங்கியபோது, நுண்குழாய்க்குள் செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு ஒளி தெரிந்தது. சிலிண்டர் விலையைச் சொல்லி, வீணாக்காதே என்றார் அண்ணன் ஒருவர். எனக்கு ஊர்க் கருமணல்தான் நினைவுக்கு வந்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் எங்கள் பக்கத்து மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டறிந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள தோரியத்தைப் பற்றியும் பேசுவார்கள். ஒரு தோரியம் அணு ஈயமாக முடிவதற்குள் ஆறு ஆல்ஃபா துகள்களை உமிழ்கிறது, அவை ஒவ்வொன்றும் எலக்ட்ரான்களைப் பிடித்து ஹீலியம் அணுவாகிவிடுகிறது என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை. சிறுவயதில் நாங்கள் கால் புதைத்து விளையாடிய மணலுக்குள் அந்த வாயு சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அதை வீட்டில் சொன்னபோது, மணல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, "அதுக்கு எவ்வளவு விலை?" என்றார். நான் சிலிண்டர் விலையைச் சொன்னேன். வெகுநேரம் அப்பா பேசவில்லை.

மார்த்தாண்டம் ஆசிரியர்

நாகர்கோவில் தம்பியின் ஆலோசனைகள் பயனுள்ளவையே. ஆனால் ஆர்கானை அளவுகோலாக வைக்கச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். எந்த இரு முகடுகளைக் கருவியின் குறை என்றேனோ, அவற்றைக் கொண்டுதான் நீங்கள் கருவியையே சரிபார்க்கிறீர்கள். அந்த ஒளிநகல் என்னிடம் இருக்கிறது. பையன் போகும்போது மேசையிலேயே விட்டுப் போயிருந்தான். முகடுகளுக்கு அருகே பென்சிலில் 2 : 1 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அவன் இப்போது வளைகுடாவில் இருப்பதாகக் கேள்வி. முகவரி கேட்டு அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவனுக்கு நேற்று எழுதியிருக்கிறேன்.