புதுப்பிப்பு: அப்பாயியின் பிறப்புப் பதிவு

அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) பிறப்புப் பதிவே இல்லை, வேறு எங்கே தேடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எல்லாம் கறையான் அரித்துவிட்டது. ஆனால் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சேர்விடாப்பில் (மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில்) அப்பாயியின் பெயர் கிடைத்தது! மங்கிய ஊதா மையில் தகப்பன் பெயர், பிறந்த தேதி. தொட்டுப் பார்த்தபோது கை நடுங்கியது.

அப்புறம் சித்தப்பா டிரங்குப் பெட்டியைக் கிளறி, 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (குடியிருப்போர்) பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தாத்தா போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதியை எடுத்துத் தந்தார். அதில் அப்பாயியின் வயதும் இருக்கிறது, கணக்கும் ஒத்துப்போகிறது. இரண்டையும் வைத்து பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கட்டாயம் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தேடிப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.