ஹைப்பர்லிங்கின் நீலக்கோடு: வைப்பதா, எடுப்பதா?

பக்கக்கட்டு:
இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 240 பக்கக் கையேடு ஒன்று. உரை முழுவதும் வேர்டிலிருந்து வந்தது. ஒரே கோப்பிலிருந்து அச்சுக்கு ஒரு பிடிஎஃப், திரைக்கு ஒரு பிடிஎஃப், பிறகு ஒரு இபப் (மின்னூல்) எடுக்க வேண்டும். சில இணைப்புகள் நீலத்தில் அடிக்கோட்டோடு இருக்கின்றன, சிலவற்றைச் சுற்றி கறுப்புப் பெட்டி, சில ஒன்றுமே இல்லாமல். நீல ஸ்டைலை அழித்தால் அடுத்த இணைப்பு போடும்போது திரும்ப வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே சீராக்க எது சரியான வழி?

மைக்கோடு:
முதலில் குழப்பத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்ப்பது இரண்டு வெவ்வேறு சங்கதி. நீலமும் அடிக்கோடும் கேரக்டர் ஸ்டைல், அதாவது எழுத்தின் பண்பு. கறுப்புப் பெட்டி எழுத்தைச் சேர்ந்ததே அல்ல. ஹைப்பர்லிங்க் உரையாடல் பெட்டியின் தோற்றப் பகுதியில் 'விசிபிள் ரெக்டாங்கிள்' இருப்பதால் பிடிஎஃப்பில் மேலே ஒட்டப்படும் சட்டம் அது. ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது.

நீலத்துக்கு: 'ஹைப்பர்லிங்க்' ஸ்டைலை அழிக்காதீர்கள். அழித்தால் இன்டிசைன் அடுத்த இணைப்புக்கு அதையே புதிதாக உருவாக்கும். ஸ்டைலைத் திறந்து 'ரீசெட் டு பேஸ்' அழுத்துங்கள். பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இனி எத்தனை இணைப்பு போட்டாலும் நிறம் மாறாது.

பெட்டிக்கு: ஒவ்வொன்றாகத் திறந்து 'இன்விசிபிள் ரெக்டாங்கிள்' ஆக்கலாம், ஆனால் 300 இணைப்பு என்றால் கை வலிக்கும். ஆவணத்தின் எல்லா ஹைப்பர்லிங்கிலும் 'விசிபிள்' பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கும் ஒருவரி ஸ்கிரிப்ட் போதும்.

முடிவில் இணைப்புக்கென்று தோற்றமே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. பக்கத்தில் கண் முதலில் போக வேண்டியது தலைப்புக்கு, நீலப் புள்ளிகளுக்கு அல்ல.

திரைவாசி:
மேலே சொன்ன வழிமுறை சரி, முடிவு தவறு. தோற்றமே இல்லாத இணைப்பை வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சுட்டியைப் பக்கம் முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டுமா? கைபேசியில் சுட்டியே கிடையாது. விரலால் தடவினால் பக்கம்தான் நகரும்.

வலைமுகவரியை முழுதாக அச்சிட்டிருந்தால் அது இணைப்பு என்று தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'படிவத்தின் மூன்றாம் பகுதி' என்ற சொற்களுக்குப் பின்னால் இணைப்பு இருந்தால், அடையாளம் இல்லாமல் அது இல்லாததற்குச் சமம்.

மைக்கோடு:
அந்த நீலம் அச்சில் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா? வேர்டில் பல ஆண்டுகள் இயல்பாக இருந்த இணைப்பு நிறம் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல அளவு) 5, 99, 193. அதை நான்கு வண்ணத்துக்கு மாற்றினால் சயானும் மெஜந்தாவும் கனமாக விழும், சில சமயம் மூன்றாவது பிளேட்டும் (ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடு) சேரும். 8 பாயின்ட் எழுத்தில், 0.4 பாயின்ட் அடிக்கோட்டில் இரண்டு பிளேட் கடுகளவு விலகினாலும் ஓரத்தில் சாயம் பிதுங்கும். உரைக்குக் கறுப்பு மட்டும் 100 விழுக்காடு ஓடுவதற்குக் காரணமே இதுதான். 240 பக்கத்தில் 300 இடத்தில் அந்த அபாயத்தை யார் ஏற்பார்?

இன்னொன்று. அச்சகம் அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ் கேட்டால் அந்தத் தரமே பிளீட் (வெட்டுக்கு விடும் ஓரம்) எல்லைக்குள் இணைப்புக் குறிப்பை அனுமதிக்காது. அச்சுப் பிரதியில் சட்டமும் இணைப்பும் எப்படியும் போய்விடும். ஆனால் கேரக்டர் ஸ்டைல் போட்ட நீலம் எழுத்தின் நிறமாயிற்றே, அது போகாது. சொடுக்க முடியாத காகிதத்தில் சொடுக்கு என்று கூப்பிடும் நிறம்!

சாய்வெழுத்து:
இருவரும் விட்ட ஒரு தொல்லை. ஓர் எழுத்துக்கு ஒரே ஒரு கேரக்டர் ஸ்டைல்தான் ஒட்டும். நூற்பெயருக்கு 'சாய்வு' என்ற ஸ்டைல் போட்டிருக்கிறீர்கள், அதன்மேல் இணைப்பு உருவாக்குகிறீர்கள் என்று வையுங்கள். 'ஹைப்பர்லிங்க்' ஸ்டைல் வந்து உட்கார்ந்து 'சாய்வு' ஓடிவிடும். இணைப்பு நன்றாக வேலை செய்யும், நூற்பெயர் நேரெழுத்தாகிவிடும், பிழைதிருத்துபவர் கண்ணிலும் படாது. மைக்கோடு சொன்னபடி ஸ்டைலைக் காலியாக்கினாலும் இதே கதைதான். காலி ஸ்டைலும் ஒரு ஸ்டைல்தானே.

தவிர்க்க: உரையாடல் பெட்டியில் கேரக்டர் ஸ்டைல் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு இணைப்பு போடுங்கள். அல்லது 'ஹைப்பர்லிங்க்' ஸ்டைலை 'பேஸ்ட் ஆன்' (அடிப்படை) ஆக வைத்து 'ஹைப்பர்லிங்க்-சாய்வு' என்று ஒன்று செய்துகொள்ளுங்கள். வெறும் வலைமுகவரிகளுக்கு மட்டும் என்றால் பத்தி ஸ்டைலுக்குள் கிரெப் ஸ்டைல் (ஒரு வடிவத்துக்குப் பொருந்தும் எழுத்துகளுக்குத் தானாக ஸ்டைல் போடுவது) சிறந்தது: 'எச்டிடிபி'யில் தொடங்கி அடுத்த இடைவெளி வரை உள்ளதற்கு நிறம் கொடு என்று ஒரு வடிவம். கடைசி முற்றுப்புள்ளியை விலக்க மறக்காதீர்கள். ஆனால் கிரெப் ஸ்டைல் நிறத்தை மட்டும்தான் தரும், இணைப்பைத் தராது. இணைப்புக்கு ஹைப்பர்லிங்க்ஸ் பேனல் மெனுவில் 'கன்வெர்ட் யூஆர்எல்ஸ் டு ஹைப்பர்லிங்க்ஸ்' தனியாக ஓட்ட வேண்டும்.

திரைவாசி:
சாய்வெழுத்து சொன்னது உண்மை. அதற்காக அடையாளத்தையே எடுத்துவிட வேண்டியதில்லை.

நிறம் மட்டும் போதுமா, அடிக்கோடும் வேண்டுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிகளில், இணைப்பை நிறத்தால் மட்டும் காட்டினால் அந்த நிறத்துக்கும் சுற்றியுள்ள உரைக்கும் குறைந்தது 3:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) இருக்க வேண்டும். பின்புலத்தோடு 4.5:1. இப்போது தூய நீலத்தை, ஆர்ஜிபி 0, 0, 255 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் 8.59:1, பிரமாதம். கறுப்பு உரைக்கு நடுவில் 2.44:1 தான், தேறாது. அதாவது எல்லோரும் 'பளிச்சென்று தெரியும்' என்று நம்பும் நீலம், கறுப்பு எழுத்துகளுக்கிடையே அடிக்கோடு இல்லாமல் தோற்றுப்போகிறது. மைக்கோடு திட்டிய அந்த வேர்டு நீலமோ வெள்ளையில் சுமார் 5.9, கறுப்பில் சுமார் 3.56. இரண்டிலும் தேறிவிடும். திரைப் பிரதிக்கு அதுவே போதும், கோடு கட்டாயமில்லை.

மைக்கோடு:
கணக்கை ஏற்கிறேன். திரைப் பிரதிக்கு நிறம், அச்சுப் பிரதிக்குக் கறுப்பு, அதுவரை சரி. ஆனால் கேட்டவர் ஒரே கோப்பு என்றார். ஒவ்வொரு முறையும் ஸ்டைலைக் கையால் மாற்றுவது என்றால் ஒருநாள் மறந்து நீலப் பிரதி அச்சகத்துக்குப் போகும்.

திரைவாசி:
மாற்றவே வேண்டாம். இணைப்பு நிறத்தை ஸ்பாட் கலராக (தனி மையாக) வரையறுங்கள். அச்சுக்கு எடுக்கும்போது இங்க் மேனேஜரில் அந்த ஸ்பாட்டுக்கு 'இங்க் ஆலியாஸ்' (பதிலி மை) ஆகப் ப்ராசஸ் பிளாக்கை, அதாவது வழக்கமான கறுப்பு மையைக் கொடுங்கள். முழுக்க ஒரே கறுப்பு பிளேட்டில் விழும். மைகளைத் தனித்தனியாகக் காட்டும் செபரேஷன்ஸ் ப்ரிவியூவில் சயானை மட்டும் வைத்துப் பாருங்கள், இணைப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தால் வெற்றி.

மைக்கோடு:
நல்ல உத்தி, ஆனால் பாதிதான். ஆலியாஸ் நிறத்தைக் கறுப்பாக்கும், அடிக்கோட்டை அழிக்காது. நீலக் கோடு இருந்த இடத்தில் கறுப்புக் கோடு நிற்கும். ஆலியாஸை எடுக்க மறந்தால் திரைப் பிரதியில் நிறமும் வராது. கோடும் இருக்கிற ஸ்டைல் என்றால் இப்படிச் செய்யலாம்: அச்சுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டு சிறு கோப்புகள். இரண்டிலும் 'ஹைப்பர்லிங்க்' என்ற பெயரில் ஸ்டைல், ஒன்றில் காலி, மற்றதில் நிறமும் கோடும். எடுக்கும் முன் கேரக்டர் ஸ்டைல்ஸ் மெனுவில் 'லோட் கேரக்டர் ஸ்டைல்ஸ்', மோதல் கேட்கும்போது 'யூஸ் இன்கமிங் டெஃபினிஷன்'. இரு கோப்பிலும் ஸ்வாட்ச் (சேமித்த நிறம்) பெயர்கள் வேறு வேறாக இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டு நிறம் இருந்தால் எது ஜெயிக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரிடும்.

வரிக்கட்டளை:
கட்டளைகளால் பக்கம் அமைக்கும் லேடெக்ஸ் மென்பொருள் பக்கம் இந்தச் சண்டை வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது, இங்கேயும் உதவும். அதில் இணைப்புகளுக்கான ஹைப்பர்ரெஃப் தொகுப்பு இயல்பாக இணைப்பைச் சுற்றி வண்ணச் சட்டம் போடும். பார்க்க அழகில்லைதான், ஆனால் அந்தச் சட்டம் பக்கத்தின் உள்ளடக்கம் அல்ல, அதன்மேல் வைக்கப்படும் குறிப்பு. அதனால் திரையில் தெரியும், அச்சில் விழாது. 'கலர்லிங்க்ஸ்' கொடுத்தால் எழுத்தே நிறம் மாறும், அது அச்சிலும் விழும். 'ஹைட்லிங்க்ஸ்' இரண்டையும் எடுத்துவிடும். மைக்கோடும் திரைவாசியும் இவ்வளவு நேரம் பேசியது இந்த மூன்று விருப்பங்களைத்தான்.

நாலாவதாக ஒன்றும் உண்டு. பிடிஎஃப் தரத்தில் குறிப்பின் எல்லைக்குச் சட்டம் மட்டுமல்ல, அடிக்கோடு என்ற வகையும் இருக்கிறது. ஹைப்பர்ரெஃபில் எல்லை ஸ்டைலை அடிக்கோடாக மாற்றிவிடலாம். இன்டிசைனின் தோற்றப் பகுதி முழுக்கோடும் கீற்றுக்கோடும் மட்டுமே தரும். ஆனால் பிடிஎஃப்பைத் திருத்தும் அக்ரோபேட்டில் இணைப்புக் கருவியை எடுத்து, ஒரு பக்கத்து இணைப்புகளைத் தேர்ந்து, ப்ராப்பர்டீஸில் 'லைன் ஸ்டைல்' போனால் 'அண்டர்லைன்' இருக்கும். எழுத்தைத் தொடாத அடிக்கோடு. சாய்வெழுத்தும் பிழைக்கும், அச்சுப் பிரதியும் பிழைக்கும்.

திரைவாசி:
அது பிழைக்கும், பார்வைச் செயலியைப் பொறுத்து. குறிப்பின் எல்லையை எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி வரைவதில்லை. எழுத்தின் நிறமோ பக்கத்தின் உள்ளடக்கம், இயல்பு அமைப்பில் அது அப்படி மறையாது. மேலும் இன்டிசைனில் திருத்தி மறுபடி எடுத்தால் அக்ரோபேட் வேலை மொத்தமும் மறுபடி.

வரிக்கட்டளை:
அந்தக் கடைசி வாதத்துக்கு மறுப்பில்லை. திருத்தம் முடிந்த இறுதிப் பிரதிக்கு மட்டும் செய்யத்தக்கது.

சாய்வெழுத்து:
அடிக்கோடு பேச்சு வந்ததால் ஒன்று. தமிழ் எழுத்துக்கு அடிக்கோட்டின் இயல்பு அளவை அப்படியே விடாதீர்கள். 'த', 'ந', 'ற', 'ழ' வின் வால்களும் 'கு', 'மு', 'ரு' வின் சுழிகளும் அடித்தளத்துக்குக் கீழே இறங்கும். தானியங்கி கோடு அவற்றின் நடுவே அறுத்துக்கொண்டு போகும். 'கு' வில் சுழி மறைந்தால் படிக்கிறவர் 'க' என்று எடுத்துக்கொள்வார், அது பொருளையே மாற்றும். இணைய உலாவி வால் வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டு வரையும். இன்டிசைன் அப்படிச் செய்யாது.

10 பாயின்ட் எழுத்து, 15 பாயின்ட் வரியிடைவெளி என்றால் 'அண்டர்லைன் ஆப்ஷன்ஸ்' இல் கனம் 0.4, 'ஆஃப்செட்' (அடித்தளத்திலிருந்து தூரம்) 3 முதல் 3.5 பாயின்ட் வைத்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அடுத்த வரியின் புள்ளியும் 'ி' மேல்விலங்கும் கோட்டில் முட்டுகிறதா என்று 400 விழுக்காட்டில் பெருக்கிப் பாருங்கள். முட்டினால் கோட்டை மேலே ஏற்றாதீர்கள், அடிக்கோட்டையே கைவிட்டு நிறத்தை மட்டும் வையுங்கள். எழுத்துக்குத் தாள் நிறத்தில் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்து வால் இருக்கும் இடத்தில் கோட்டை மறைக்கும் தந்திரம் சொல்வார்கள். நெருக்கமான தமிழ் எழுத்துகளில் அது பக்கத்து எழுத்தின் ஓரத்தையும் தின்றுவிடும்.

மைக்கோடு:
இதற்குத்தான் முதலிலேயே கோடு வேண்டாம் என்றேன்.

திரைவாசி:
கோடு வேண்டாம் என்பதற்கும் தோற்றமே வேண்டாம் என்பதற்கும் தூரம் அதிகம். நீங்கள் இரண்டாவதைச் சொன்னீர்கள்.

மைக்கோடு:
சரி, நிறம் வரை இறங்கி வருகிறேன், திரைப் பிரதிக்கு மட்டும். இபப்புக்கு அதுவும் கூடாது. அங்கே வாசகர் இரவுப் பின்புலத்துக்கு மாறினால் உங்கள் 5, 99, 193 கறுப்பில் மங்கிக் கிடக்கும். அதே 3.56 தான், பின்புலத்துக்கு வேண்டியது 4.5. ஏற்றுமதியில் இணைக்கும் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை வரையறுக்கும் கோப்பு) இணைப்பின் நிறத்தை 'இன்ஹெரிட்' (சுற்றியுள்ள உரையின் நிறமே) ஆக்கி அடிக்கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடு வரைவது வாசிப்புச் செயலி. ஸ்டைல் காலியாக இருந்தாலும் பல செயலிகள் தாமாகவே நீலம் போடும், ஆகவே சிஎஸ்எஸ்ஸில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பக்கக்கட்டு:
புரிகிறது. ஸ்டைலைக் காலியாக்குகிறேன், திரைக்கு நிறம் மட்டும் லோட் செய்கிறேன். இன்னும் இரண்டு. நீண்ட வலைமுகவரி வரி உடையும்போது நடுவில் ஒட்டுக்குறி விழுகிறது. குறுக்குச் சுட்டிகளுக்கும் இதே ஸ்டைல் பொருந்துமா?

சாய்வெழுத்து:
ஒட்டுக்குறி விழுந்தால் அது முகவரியின் பகுதி என்று நினைத்துத் தட்டச்சு செய்துவிடுவார்கள். முகவரிக்கான கேரக்டர் ஸ்டைலில் மொழியை 'நோ லாங்குவேஜ்' ஆக்குங்கள், ஒட்டுக்குறி நின்றுவிடும். பிறகு சாய்கோட்டுக்குப் பின்னால் 'டிஸ்கிரீஷனரி லைன் பிரேக்' (தேவையானபோது மட்டும் வரியை உடைக்கும் எழுத்து) இடுங்கள், டைப் மெனுவில் 'இன்சர்ட் பிரேக் கேரக்டர்' க்குள் இருக்கும். வரிசை முக்கியம்: முதலில் இணைப்பாக மாற்றுங்கள், பிறகு உடைப்பான். தலைகீழாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்து இணைப்பின் முகவரிக்குள்ளும் புகுந்துவிடலாம், சொடுக்கினால் பக்கம் கிடைக்காது.

இணைப்பே போடாமல் முகவரியை மட்டும் விட்டுவிட்டு, அக்ரோபேட் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பவும் வேண்டாம். இரண்டு வரியில் உடைந்த முகவரியில் முதல் வரியை மட்டும் முகவரியாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

மைக்கோடு:
குறுக்குச் சுட்டி தனிப் பேனல். அதன் வடிவ வரையறையிலேயே 'கேரக்டர் ஸ்டைல் ஃபார் கிராஸ்-ரெஃபரன்ஸ்' இருக்கும், அங்கே வேறு ஸ்டைல் கொடுங்கள். 'பக்கம் 112 பார்க்க' என்பது அச்சிலும் பயன்படும் சொல், அதை நீலமாக்க வேண்டிய தேவையே இல்லை. திரைவாசி இதற்கும் மறுப்பாரா தெரியவில்லை.

திரைவாசி:
மறுக்கவில்லை. 'பக்கம்' என்ற சொல்லே அடையாளம். ஆனால் பொருளடக்கத்தில் எண்ணை மட்டுமல்ல, வரி முழுவதையும் சொடுக்க முடிகிறதா என்று திரைப் பிரதியில் சரிபாருங்கள்.