முட்ரிக்கை வாங்கியது தப்பா? 2023 ஜனவரியில் தெரிந்ததை மட்டும் வைத்துப் பேசுவோம்

நீலப்படை:
உக்ரைன் விங்கர் (ஓரமாக ஓடித் தாக்குகிற வீரர்) முட்ரிக் பெயரை எடுத்தாலே 'வீண் செலவு' என்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். இங்கிலாந்துக் கால்பந்து அணி செல்சி அவரை வாங்கியபோது வயது 22. உக்ரைன் அணி ஷாக்தாருக்காக அந்த சீசனில் 18 ஆட்டம், 10 கோல். ஜெர்மன் அணி லைப்சிக்கை அவர்கள் ஊரிலேயே 4-1 என்று அடித்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் ஒரு கோல் போட்டு, இரண்டுக்குப் பந்தும் கொடுத்தார். ஆர்சனலும் கடைசிவரை துரத்தியது. 7 கோடி யூரோவும், மேற்கொண்டு 3 கோடி போனஸும் பேசி வாங்கியதில் என்ன பிழை? 2024 டிசம்பரில் வந்த ஊக்கமருந்துத் தடையை இங்கே இழுக்க வேண்டாம். வாங்கும்போது அதை யாரும் கண்டிருக்க முடியாது.

ரைட்பேக்காரன்:
சரி, அன்று தெரிந்ததையே பேசுவோம். நான் உள்ளூரில் பத்து வருடம் ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பு வீரர்) ஆடியவன். வேகமான விங்கர் எதிரே வந்தால் நாங்கள் செய்வது ஒன்றுதான். இரண்டு அடி பின்னால் போய், முதுகுக்குப் பின்னாலிருக்கும் இடத்தை அடைத்துவிடுவோம். பந்து அவன் காலிலேயே இருக்கட்டும். ஓட இடமில்லாதபோது என்ன செய்கிறான்? நின்ற இடத்திலிருந்து ஆளைத் தாண்டுகிறானா? கோல் கோடுவரை போய்ப் பந்தைப் பின்னால் இழுத்துக் கொடுக்கிறானா? நான் விங்கரை எடை போடுவது அங்கேதான். லைப்சிக்கில் முட்ரிக் போட்ட கோல் கவுண்டர் அட்டாக்கில் (எதிரணி முன்னேறி வந்தபோது பந்தைப் பறித்துத் திருப்பித் தாக்கியதில்) வந்தது, முன்னால் வெறும் புல். செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜுக்கு வருகிற சின்ன அணிகள் அந்தப் புல்லைத் தராது.

நீலப்படை:
லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டில் முட்ரிக் செல்சிக்காக ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்த்தீர்களா? மாற்று வீரராக வந்து 37 வயது மில்னரைத் திணறடித்தார். அன்று பதிவான வேகம் மணிக்கு 36.63 கிலோமீட்டர். இதைப் பயிற்சியில் உண்டாக்க முடியாது. முடிவெடுக்கிற பக்குவத்தைப் பயிற்சியாளர் சொல்லித் தரலாம். ஆனால் முட்ரிக் வந்த சில மாதத்துக்குள் பயிற்சியாளர் பாட்டர் போய் லாம்பார்டு வந்தார், அடுத்த சீசன் போச்சட்டினோ. யார் சொல்லித் தருவது?

கணக்குப்பிள்ளை:
18 ஆட்டம் என்பது அரை சீசன் நண்பரே. போர் தொடங்கியதும் வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து வெளியேற ஃபிஃபா அனுமதித்தது, உக்ரைன் லீகின் பலம் அதனாலேயே குறைந்திருந்தது. இந்த இரண்டும் அன்றே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் எட்டரை வருட ஒப்பந்தம்! 7 கோடியை அதில் வகுத்தால் ஆண்டுக்கு சுமார் 82 லட்சம் யூரோ, கணக்குப் புத்தகத்தில் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஆள் சரிவரவில்லை என்றால் எட்டரை வருடமும் சுமை. முட்ரிக் கைநழுவியதும் ஆர்சனல் சுமார் 2.1 கோடி பவுண்டுக்கு இன்னொரு விங்கரான டிரோசார்டை எடுத்தது. அவர் மார்ச்சில் ஃபுல்ஹாம் போய் முதல் பாதியிலேயே மூன்று கோலுக்குப் பந்து கொடுத்தார்.

நீலப்படை:
டிரோசார்டுக்கு அப்போது 28 வயது. அவரைக் காட்டி வாதாடினால் இளைஞன் எவனையும் வாங்கவே முடியாதே!

ரைட்பேக்காரன்:
வாங்கலாம். விங்கர் ஒலிசேயைப் பாருங்கள். 2021-ல் ரெடிங் அணியிலிருந்து கிரிஸ்டல் பேலஸ் அவரை எடுத்தபோது வயது 19. அதற்குள் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் ஒரு முழு சீசன், 7 கோல், 12 அசிஸ்ட் (கோலுக்குக் கொடுத்த பந்து). வாரம் இரண்டு ஆட்டம், இடித்துத் தள்ளுகிற பேக்குகள், கோல் முன்னால் நெரிசலான பெட்டி என்று எல்லாவற்றிலும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. விலை சுமார் 80 லட்சம் பவுண்டுதான்.

முட்ரிக்கிடம் திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 2023 அக்டோபரில் ஃபுல்ஹாமுக்கு எதிராக சக வீரர் கோல்வில் அனுப்பிய பந்தை நெஞ்சில் இறக்கி உள்ளே தட்டினாரே, அந்த முதல் தொடுதல் எல்லோருக்கும் வராது. 3 கோடிக்கு வாங்கியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

நீலப்படை:
விலை அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடமில்லாத ஆட்டத்தில் சோதிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. உக்ரைன் லீகில் ஷாக்தாரை எதிர்த்து வருகிற அணிகள் எல்லாம் பின்னால் அடைத்துத்தானே நிற்கும்? அந்த 10 கோலில் ஏழு அங்கே போட்டது.

ரைட்பேக்காரன்:
இது நல்ல கேள்வி. நான் பார்த்தது சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் மட்டும். அந்த ஏழு கோலும் எப்படி வந்தன என்று வார இறுதியில் உட்கார்ந்து பார்க்கிறேன். நின்ற இடத்திலிருந்து ஆளைத் தாண்டிப் போட்டது மூன்று இருந்தால்கூட இங்கேயே வந்து என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.